கியர் விழாத லாரி

செங்குத்தான மலைப்பாதையில் தலைச்சுமையுடன் ஏறுபவன் அடியைச் சிறிதாக வைத்து ஏறுகிறான். சமவெளியை அடைந்ததும் அடியை அகல வைத்து விரைகிறான். அவனுடைய வலிமை ஒன்றே. அதனைச் செலவிடும் முறையே வேறு. பாரம் ஏற்றிய லாரிக்கும் இஃது ஒக்கும். எஞ்சினின் ஆற்றலை ஏற்றத்தில் மெதுவாகவும் வலிவாகவும், சமநிலத்தில் விரைவாகவும் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது கியர்ப் பெட்டியாகும். அதனுள் சிறியவும் பெரியவுமாகிய பற்சக்கரங்கள் பல உள்ளன. ஓட்டுநர் தம் இடக்கையால் கியர்க் கம்பியை அசைத்து, அவ்வப்போது வேண்டிய இணையைத் தேர்ந்துகொள்கிறார்.

செங்கற்சூளைகளிலும் கல் குவாரிகளிலும் தண்ணீர் வண்டிகளாகவும் உழைக்கும் பழைய லாரிகள் சிலவற்றில் இக்கம்பி எளிதில் இணங்குவதில்லை. ஓட்டுநர் தோள் வலிக்கத் தள்ளுவார். உள்ளே பல்லோடு பல் உராய்ந்து நறநறவென ஒலிக்கும். 'கியர் விழவில்லை' என்பார் அவர். கியர் என்னும் சொல்லுக்குப் 'பல்லிணை' எனத் தமிழில் ஆக்கம் செய்துள்ளனர், நல்ல சொல்லே. எனினும், பட்டறை வாயிலில் நின்று 'பல்லிணை விழவில்லை' என்று நாம் கூறினால், ஸ்பேனருடன் நிற்கும் இளைஞன் நம் முகத்தைப் பார்ப்பானேயன்றி வண்டியைப் பாரான். ஆதலின் இப்பாடத்தில் பட்டறை வழக்கையே கைக்கொள்வோம்.

கியர் விழாத வண்டியைக் கண்டவுடன் கியர்ப் பெட்டியே பழுதாயிற்று என முடிவு செய்வோர் பலர். பெட்டியைக் கழற்றி இறக்குதல் எளிய வேலையன்று. இருவர் மூவர் கூடி வண்டிக்கடியில் படுத்துச் செய்ய வேண்டியது அது. அது முடியும்வரை வண்டி ஓடாது. ஒரே லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு, வண்டி ஓடாத நாளும் தவணைக்கடன் வளரும் நாளேயாகும். இத்தனைக்கும் பின்னர், பெட்டியில் குற்றமொன்றும் இல்லை, பெடலின் கீழே உள்ள மூட்டில் ஒரு சிறு பின் தேய்ந்திருந்ததே காரணம் எனத் தெரியவந்தால், அவ்வுரிமையாளர் மனம் என்ன பாடுபடும்! அந்தப் பின்னின் விலை மிகச் சிறிது. பெட்டியைத் திறக்குமுன் செய்யத்தக்க சோதனைகளை அறிந்திருந்தால் இவ்விழப்பு நேராது.

முதற்கண், கியர் விழுவதற்கு என்ன வேண்டும் என்பதைக் காண்போம். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று எங்ஙனம் பொருந்தும்? நகர்ந்துகொண்டிருக்கும் பேருந்தில் ஏற முயல்பவனைப் பாருங்கள். (அவ்வாறு ஏறுதல் தவறு, உவமைக்காக மட்டும் கொள்க.) நின்ற நிலையில் கம்பியைப் பற்றினால் அவன் இழுத்தெறியப்படுவான். பேருந்துடன் சில அடி ஓடி, இரண்டின் வேகமும் ஒத்தபின் பற்றினால் ஏறிவிடுவான். பற்சக்கரங்களும் அத்தகையனவே, வேகம் ஒத்தால் ஓசையின்றிப் பொருந்தும், ஒவ்வாவிடின் மோதி உராயும்.

வேகத்தை ஒக்கச் செய்வதற்குத் துணையாக நிற்பது கிளட்ச். எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம் பிளைவீல் எனப்படும். அதன் முகத்தின்மேல் கிளட்ச் பிளேட் படிந்திருக்கிறது. அதனை அழுத்திப் பிடித்திருப்பது பிரஷர் பிளேட். கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையிலுள்ள காடிகளில் கியர்ப் பெட்டியின் முதல் தண்டு பொருந்தியிருக்கிறது. ஓட்டுநர் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன் நகர்ந்து பிரஷர் பிளேட்டின் பிடியைத் தளர்த்தும். கிளட்ச் பிளேட் விடுபடும். எஞ்சின் ஓடினாலும் முதல் தண்டிற்கு அதன் இயக்கம் செல்லாது. ஈண்டு ஒன்றை மனத்திற்கொள்க. ஓட்டுநர் காலோ ஐந்தாறு அங்குலம் கீழே செல்கிறது. கிளட்ச் பிளேட்டின் பக்கத்தில் உண்டாகும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை. அவ்வளவு நீண்ட அசைவு இவ்வளவு சிறிய விலகலாகச் சுருங்குவதால், இடையிலுள்ள மூட்டுகளில் சிறிது தளர்ச்சி நேர்ந்தாலும் பிளேட் முற்றும் விடுபடாமல் உரசிக்கொண்டே நிற்கும். முதல் தண்டு ஓயாது சுழலும். பிறகு எவ்வளவு வலிமையாகக் கம்பியைத் தள்ளினும் பயன் யாது?

இனிச் சோதனைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர்க் கம்பியை ஒவ்வொரு கியருக்கும் தள்ளிப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் நின்ற நிலையில் எல்லாக் கியரும் எளிதில் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் எல்லாக் கியரும் முரண்டினால், குற்றம் பெரும்பாலும் கிளட்ச்சைச் சேர்ந்தது. எஞ்சின் நின்றபோதும் கம்பி இறுகியிருந்தால், கம்பியின் அடியிலுள்ள புஷ், இணைப்புத் தண்டுகள், பெட்டியினுள் கியரைத் தள்ளும் கவைகள் ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். பல்லின் முனை பல்லின் முனையோடு நேருக்கு நேர் நின்று தடுப்பதும் உண்டு, அது பழுதன்று. கட்டையை எடுத்து வண்டியைச் சற்றே முன்னோ பின்னோ தள்ளினால் அத்தடை நீங்கும்.

அடுத்த சோதனை எஞ்சின் ஓடும்போது செய்வது. கட்டையும் கைப்பிரேக்கும் இட்டபடி, நியூட்ரலில் வைத்துப் பெடலை அடிவரை மிதித்துப் பத்து எண்ணும் வரை பொறுத்து, ரிவர்ஸ் கியரைப் போடுக. அவ்வளவு நேரத்தில் முதல் தண்டு நின்றிருக்க வேண்டும். பின்னும் நறநறவென ஒலித்தால் கிளட்ச் விடவில்லை என்பது தெளிவு. ரிவர்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம், பெரும்பாலான பழைய பெட்டிகளில் அந்தக் கியருக்கு வேகத்தை ஒக்கச் செய்யும் துணையுறுப்பு இல்லை. ஆதலின் அது உண்மையை மறைப்பதில்லை.

கிளட்ச் விடாமைக்குரிய காரணங்களில் வெளியே காணத்தக்கவற்றை முதலில் பார்க்க. பெடலை விரலால் அழுத்தினால் தடையின்றிச் செல்லும் தொலைவு பல பழைய வண்டிகளில் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவான அளவு. அது மிகுந்தால் மிதிப்பின் பெரும்பகுதி வீணாகும். அது சிறிதும் இல்லையாயின் பிளேட் வழுக்கும். ரிலீஸ் பேரிங்கும் விரைவில் தேயும். அளவைச் சரிசெய்யும் திருகும் நட்டும் வெளியிலேயே உள்ளன. மூட்டுகளின் பின்களும் அவை நுழையும் துளைகளும் தேய்ந்து முட்டை வடிவாயிருத்தல் மிகப் பழைய வண்டிகளில் இயல்பு. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச்சாயின், பெடலை இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தபின் கியர் விழுகிறதா எனப் பார்க்க. விழுமாயின் குழாயினுள் காற்றுப் புகுந்திருக்கலாம். அல்லது சிலிண்டரின் வாஷர் தேய்ந்து எண்ணெய் கசியலாம். எண்ணெய் அழுத்தினால் சுருங்காது, காற்றோ சுருங்கும். ஓட்டுநர் மிதிப்பது காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும்.

இவையெல்லாம் செவ்வையாயிருந்தும் கிளட்ச் விடவில்லையெனின், அப்போதுதான் உள்ளே பார்க்க வேண்டும். மழையில் நெடுநாள் நின்ற வண்டியில் பிளேட் துருவேறிப் பிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். அல்லது காடிகளில் துருவேறி நகராதிருக்கலாம். பிளேட் கோணியிருக்கலாம். முதல் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகிப்போயிருந்தால், பிளேட் விடுபட்டாலும் பிளைவீல் அத்தண்டையும் உடன் இழுத்துச் சுழற்றும். இச்சிறு பேரிங்கைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஒரே ஒரு கியர் மட்டும் விழ மறுத்தால் கிளட்ச்சைக் குறை கூறுதல் பொருந்தாது. 1890-களில் பிரான்சு நாட்டில் பன்ஹார்டு, லெவசோர் என்போரின் தொழிற்சாலை செய்த வண்டிகளில் பற்சக்கரங்களை நேராக நகர்த்தியே பொருத்தினர். அஃது ஓசை மிக்க முறை. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில், பற்கள் சேருமுன் உராய்வினால் வேகத்தை ஒக்கச் செய்யும் சின்க்ரோ அமைப்பு வந்தது. பிற்காலத்துப் பெட்டிகளில் இவ்வேலையைச் செய்வது பெரும்பாலும் பித்தளை போன்ற உலோகத்தாலான வளையம். அவ்வளையம் தேய்ந்தால் அதற்குரிய கியர் மட்டும் உராயும். இதனை உறுதி செய்ய வழியுண்டு. கியரைக் குறைக்கும்போது கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலரேட்டரைச் சிறிது அழுத்தி, மீண்டும் கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போடுக. இடையில் எஞ்சினே உள்ளிருக்கும் சக்கரங்களை விரைவுபடுத்தி வேகத்தை ஒக்கச் செய்கிறது. இவ்வாறு போட்டால் கியர் மெல்ல விழுமாயின் கிளட்ச் நலமாகவும் வளையம் தேய்ந்தும் உள்ளது என்க. வளையமே இல்லாத மிகப் பழைய பெட்டிகளிலோ இம்முறையே இயல்பான முறை. அதனை அறியாத புதியவர் வண்டியைப் பழுது என்பர்.

இக்கைப்பழக்கம் மலைப்பாதையில் உயிர்காக்கும். சேலத்திற்கும் தருமபுரிக்கும் இடையே தொப்பூர்க் கணவாயிலும், 27 கொண்டை ஊசி வளைவுகளையுடைய திம்பம் மலைப்பாதையிலும் பாரத்துடன் இறங்கும் லாரியைக் குறைந்த கியரில் எஞ்சினே பிடித்து நிறுத்துகிறது. இறக்கத்தின் நடுவே கியரை மாற்ற முயன்று, பழைய கியரும் போய்ப் புதிய கியரும் விழாமல் நியூட்ரலில் வண்டி நின்றுவிட்டால், முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறி வலுவிழக்கும். ஆதலால் அனுபவமுள்ள ஓட்டுநர், ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதனையே இறங்குவதற்கும் மலையுச்சியிலேயே போட்டுவிடுவர், இடையில் மாற்றார். கியர் சரியாக விழாத லாரியை அப்பாதையில் அனுப்புவது எவ்வளவு கூலி கிடைப்பினும் தகாத செயல்.

எண்ணெயைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். உதகையின் தை மாத விடியலில் கியர் கடினமாயிருந்து, சில மைல் ஓடியபின் இலகுவானால் அது குளிரால் கெட்டிப்பட்ட எண்ணெயின் விளைவேயாகும். பழைய லாரிகள் பலவற்றிற்கு 90-ஆம் எண் கியர் ஆயில் வழங்கும். ஆயினும் கையேடு குறிப்பதையே ஊற்றுக. ஜி.எல்.-5 வகை எண்ணெய்கள் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். பழைய பெட்டிகள் பலவற்றிற்கு ஜி.எல்.-4 வகையே ஏற்றது. எண்ணெயை மாற்றுகையில் அடிமூடியைக் கழற்றி, வடியும் எண்ணெயை ஒரு தட்டில் ஏந்திப் பார்த்தல் வேண்டும். நுண்ணிய சாம்பல்நிறப் பொடி சிறிதிருப்பின் அஃது இயல்பான தேய்வு. பொன்னிறத் துகள் மிகுதியாக மின்னினால் வளையங்கள் தேய்கின்றன. சிறிது காலம் கவனத்துடன் ஓட்டலாம். நகக்கண்ணளவு எஃகுத் துண்டு கிடைத்தாலோ, பல் ஒன்று உடைந்தது என்பது பொருள். அன்று வண்டியை நகர்த்தாமல் பெட்டியை இறக்குதலே முறை.