துடுப்பு சரியா இருந்தா தோள் வலிக்காது



நம்ம பக்கத்தில் கேழ்வரகுக் களி கிண்டாத வீடு குறைவு. ஆடி மாசம் வந்தால் அம்மன் கோயிலில் கூழ் ஊத்தணும். பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நிரம்பி வழியும். அடி அண்ணாமலையில் நாமும் அண்டா வைத்துக் கூழோ, களியோ, பொங்கலோ செய்கிறோம். அடுப்பைப் பார்த்து வாங்குகிறோம், அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். கையில் பிடிக்கிற துடுப்பை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கிடைத்த கட்டையால் கிண்டிவிட்டு, ராத்திரி தோள்பட்டைக்குத் தைலம் தேய்க்கிறோம்.

படகுத் துடுப்புக்கும் களித் துடுப்புக்கும் பேரும் ஒண்ணு, வேலையும் ஒண்ணுதான். அது தண்ணியைத் தள்ளுது, இது மாவைத் தள்ளுது. சென்னைக்குத் தெற்கே கோவளம் கடலில் பலகை மேல் நின்றபடி துடுப்புப் போடும் விளையாட்டு உண்டு. அதில் துடுப்பு, ஆளின் உயரத்தை விட ஏறக்குறைய ஒரு சாண் கூடுதலாக இருக்கணும் என்று அளந்துதான் எடுப்பார்கள். குட்டையா இருந்தா முதுகு வளையும், நீளமா இருந்தா தோள் தூக்கும். நமக்கும் அதே கணக்குதான்.

அளவு பார்ப்பது எப்படி?

அண்டாவை அடுப்பில் வைத்து, துடுப்பை அடிமட்டம் தொடும்படி நிறுத்துங்கள். மேல் கை நம்ம நெஞ்சு உயரத்தில் இருக்கணும். தோளுக்கு மேல் கை போனால் சீக்கிரம் அசந்துவிடும். ரொம்பக் குட்டையாக இருந்தால் குனிந்து கிண்டணும். களி கொதிக்கும்போது தெறிப்பும் ஆவியும் புறங்கையில் படும். அதனால் வீட்டுச் சட்டிக்கு ஒன்று, அண்டாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அடிப்பக்கத் தட்டை ரொம்ப அகலமாக இருந்தால், ஒரே தள்ளில் நிறைய மாவு நகரும்; ஆனால் அத்தனை பாரமும் தோளுக்குத்தான். கெட்டிக் களிக்கு ஒடுக்கமான தட்டை, கூழுக்கும் கஞ்சிக்கும் கொஞ்சம் அகலமானது என்று வையுங்கள். பிடி, கைக்குள் முழுசா அடங்கணும்.

எந்த மரம்?

கறிக்கடைக்காரர் வெட்டும் கட்டைக்குப் புளிய மரத்தைத் தேடுவது சும்மா இல்லை. அது கெட்டி மரம், எளிதில் சிம்பு பிரியாது. ஆனால் கனம் அதிகம். தேக்கும் நல்லதே. பச்சை வேம்பில் செய்தால் கசப்பு இறங்கும். அரளி, எட்டி போன்ற நச்சு மரங்களில் செய்ததைத் தொடவே வேண்டாம். சாயமோ வார்னிஷோ அடித்ததும் வேண்டாம்.

ஆசாரியிடம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- மரத்தின் ரேகை பிடியிலிருந்து நுனி வரை நேராக ஓடணும்.
- கழுத்துப் பகுதியில் கணு இருந்தால் அங்கேதான் முறியும்.
- ஒரே மரத்தில் செதுக்கியதாக இருக்கணும். ஆணி அடித்து ஒட்டினது, துருப்பிடித்துச் சாப்பாட்டில் விழும்.
- நுனி உருண்டையாக இருந்தால் அண்டாவின் மூலையும் வழியும், அலுமினியமும் சுரண்டாது.

புதுத் துடுப்புக்கு

உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சுள்ளென்ற வெயிலில் போட்டால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்பக்கம் ஈரமாகவே இருக்கும். அதனால்தான் வெடிப்பு விடுகிறது. காய்ந்ததும் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவி, ஒரு நாள் விட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் அதிகமானால் சிக்கு வாடை வரும்.

தினசரி கவனிப்பு

வேலை முடிந்ததும் உடனே கழுவுங்கள். "காலையில பாத்துக்கலாம்"னு அண்டாவோடு ஊற வைத்தால் மரம் தண்ணீர் குடித்து உப்பும், காய்ந்ததும் வெடிக்கும். வெடிப்புக்குள் மாவு தங்கிப் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். கல் உப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பிடியில் ஒரு ஓட்டை போட்டுக் காற்றுப்படத் தொங்கவிடுங்கள்.

மேலாகக் கருப்புப் புள்ளி வந்தால் செதுக்கிவிட்டுத் தேய்க்கலாம். நீள வெடிப்பு விழுந்தாலோ, சிம்பு பெயர்ந்தாலோ, கழுவியும் புளித்த வாடை போகாவிட்டாலோ அதை அடுப்புக்குப் போட்டுவிடுங்கள். நம்ம அண்டாவில் சாப்பிடுகிறவர் எங்கிருந்தோ நடந்து வந்தவர். அவர் குழந்தையின் தொண்டையில் சிம்பு சிக்கினால் யார் பதில் சொல்வது?

முக்கியமான ஒன்று

நம் குழுக்களில் பினாயிலும் சோப்பு எண்ணெயும் தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பயன்படுத்திய துடுப்பை எத்தனை முறை கழுவினாலும் சமையலுக்குக் கொண்டுவரக் கூடாது. மரம் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். பினாயில் துடுப்பின் பிடியில் சிவப்புக் கயிறு கட்டி, வேறு அறையில் வையுங்கள். புதிதாகக் குழுவில் சேர்ந்தவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடணும்.

குழுவின் துடுப்புகளை இருப்புப் பதிவேட்டில் எழுதி, மாதக் கூட்டத்துக்கு முன் ஒருத்தர் எடுத்துப் பார்க்கட்டும். பெரிய அண்டாவுக்கு ஒருத்தரே மாய வேண்டாம், முறை வைத்துக் கிண்டுவோம். சம்பாதிக்கிற கையும் தோளும் நம்முடையது. அதையும் சேமிப்புக் கணக்கில் வைப்போம்.