மறைமலை நகரில் பிறந்த சிறு கார்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், காய்கறிக் கடைகளும் தள்ளுவண்டிகளும் இரு புறமும் நெருக்க, மாலை வேளையில் காரை ஓட்டிச் செல்ல நேர்ந்த எவருக்கும் சிறு காரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வண்டலூரையும் கூடுவாஞ்சேரியையும் தாண்டி, மறைமலை நகரிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் உருவாகி 2010ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஃபிகோ அந்த ரகத்துக்கு நல்ல உதாரணம். அதன் நீளம் 3,795 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய இஞ்சின் பொருத்திய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்த 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டே இந்த அளவை நம் நாட்டில் நிலைபெறச் செய்தது.

இவ்வளவு குறுகிய உடலுக்குள் ஐவர் அமரவும் சாமான் வைக்கவும் இடம் எங்கிருந்து வந்தது? இஞ்சினைக் குறுக்காகக் கிடத்தி, முன்சக்கரங்களையே அது சுழற்றும்படி அமைத்ததனால் வந்தது. இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த மினி கார் இந்த உபாயத்தை உலகமெங்கும் பிரசித்தமாக்கிற்று. பின்னால் டிக்கி தனிப் பெட்டியாகத் துருத்தி நிற்காமல், கண்ணாடியோடு சேர்ந்த ஒரே கதவாய் மேல்நோக்கித் திறப்பதுதான் ஹேட்ச்பேக். பின்னிருக்கையின் சாய்மானத்தை மடித்துவிட்டால், 284 லிட்டர் கொள்ளும் ஃபிகோவின் டிக்கி முன்னிருக்கைகளின் முதுகுவரை நீண்டு, சேலையூரிலிருந்து சிட்லபாக்கத்துக்குக் குடிபெயரும் குடும்பத்தின் கிரைண்டரையும் துணி மூட்டைகளையும் ஒரே நடையில் ஏற்றுக்கொள்ளும்.

சௌகரியம் இருக்கட்டும், மோதினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட சோதனை முடிவுகள் கடுமையான பதிலைத் தந்தன. இந்தியாவில் விற்பனையாகிவந்த ஐந்து சிறு கார்களை, ஏர்பேக் இல்லாத மலிவு ரகங்களாகத் தேர்ந்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. மறைமலை நகரின் ஃபிகோவும், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ10உம் அவற்றுள் அடக்கம். அந்த வேகத்தில் மோதுவதென்பது ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழுவதற்குச் சமம்.

எனினும் அந்தப் பூஜ்யங்கள் எல்லாம் ஒரே தன்மையானவை அல்ல. மோதலில் பேனட் அப்பளமாய் நொறுங்கிவிட்டதே என்று ஜனங்கள் அங்கலாய்ப்பதுண்டு. நொறுங்குவதற்கென்றே அதை அமைத்திருக்கிறார்கள். அந்த 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதி, முன்பகுதி 60 சென்டிமீட்டர் மடிந்து கார் நிற்குமானால், உள்ளிருப்பவர்மீது சராசரியாக அவருடைய எடையைப் போல் 27 மடங்கு விசை செயல்படும். மடிய இடமின்றிச் சட்டென்று நின்றால் அது பன்மடங்கு பெருகும். ஆனால் மனிதர் அமர்ந்திருக்கும் கூடு மட்டும் மடியலாகாது. ஐ10இன் கூடு நிலைகுலைந்தது. ஃபிகோவின் கூடும், அந்த ஐந்தில் ஒன்றான ஃபோக்ஸ்வாகன் போலோவின் கூடும் உறுதியாக நின்றன. உறுதியான கூட்டுக்குள் இருந்தும் ஓட்டுநரின் தலையைத் தாங்க ஏர்பேக் இல்லாமையால் அவற்றுக்கும் பூஜ்யமே கிடைத்தது. இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோவை அதேபோல் மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் வந்தது. விலையைக் குறைப்பதற்காக எதைக் கழற்றிவிட்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

பின்னர் சட்டம் வந்தது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. மழை நாளில் ஜி.எஸ்.டி. சாலையில் திடீரெனப் பிரேக்கை அழுத்தும்போது பாதத்தின் கீழ் கடகடவென்று ஓர் அதிர்வு எழுகிறதே, அது பழுதன்று. சக்கரம் இறுகிப்போய் வழுக்காதபடி, ஏ.பி.எஸ். ஒரு வினாடிக்குள் பல முறை பிடித்து விடுவதன் அடையாளம். ஆகையால் காலைத் தளர்த்தாமல் அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலக வேண்டும்.

இவையனைத்துக்கும் ஆதாரம் சீட் பெல்ட். வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் உருவாக்கிய மும்முனைப் பெல்ட் வந்ததும் மினி பிறந்த அதே 1959இல்தான். அதை மெல்ல இழுத்தால் தாராளமாக வரும். வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், உள்ளிருக்கும் பற்சக்கரம் பூட்டிக்கொண்டு ஓர் அங்குலமும் விடாது. ஏர்பேக்கோ ஏறத்தாழ 30 மில்லிசெகண்டில் ஊதிப் பெருத்துவிடுகிறது. பெல்ட் அணியாமல் முன்னே சரிந்து வருபவரை அது தாக்கவும் கூடும். முன்னிருக்கையில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வேளச்சேரி சாலையில் செல்வோரைத் தினந்தோறும் காண்கிறேன். மேலே சொன்ன 27 மடங்குக் கணக்கில், பத்துக் கிலோ குழந்தை மோதலின் கணத்தில் 270 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கரம் தாங்கும்? அதன் இடம் பின்னிருக்கை; அங்கும் அதற்கென்று ஆன தனி ஆசனம் வேண்டும்.

சென்ற மாதம் சேலையூரில் நண்பர் ஒருவர் தம் பேத்திக்காக அத்தகைய ஆசனம் ஒன்றை வாங்கி வந்து, காரின் பின்னிருக்கையில் பெல்ட்டைப் பூட்டும் கொக்கி எங்கே என்று தேடினார். சீட் கவருக்கு அடியில் விரலை நுழைத்துத் துழாவினோம். பல வருஷங்களாக எவரும் தொடாத கொக்கி, சிவப்புப் பொத்தானின் நிறம் கூட மங்காமல், தூசியோடு வெளியே வந்தது. துடைத்துவிட்டுப் பெல்ட்டின் நாவைச் செருகினார். 'டிக்' என்று பூட்டிக்கொண்டது.