செவ்வாய்க் கலத்தின் பிழையைக் காட்டிக்கொடுத்த லாக்

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களிலேயே அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. ரீசெட் ஆன ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பழுது பார்க்க யாரும் அங்கே போக முடியாது. கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்துப் பொறியாளர்கள் பூமியில் இருந்தபடியே காரணத்தைத் தேட வேண்டியிருந்தது.

இதே கோளாறு விண்கலம் தரையிறங்குவதற்கு முன்பே சோதனையில் தலைகாட்டியிருந்தது. திரும்ப வரவைக்க முயன்றபோது வரவில்லை. மென்பொருள் பிழைகளில் மிகக் கொடியது இந்த ரகம்தான். கேட்கும்போது ஒளிந்துகொள்ளும், கேட்காதபோது வரும்.

ஆனால் அந்தக் குழு முன்கூட்டியே ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. எந்தப் பணி எப்போது ஓடியது, எது எதற்காகக் காத்திருந்தது என்று வரிசையாகக் குறிக்கும் லாக் வசதியை, சோதனை முடிந்ததும் பிடுங்கி எறியாமல், பறக்கும் மென்பொருளுக்குள்ளேயே விட்டுவைத்திருந்தார்கள். எதைப் பறக்கவிடுகிறோமோ அதையேதான் சோதிக்க வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. இந்தக் குறிப்பிட்ட தவறு நேர்ந்தால் லாக்கை அங்கேயே நிறுத்தி வெளியே கொட்டு என்றும் நிரலில் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் ஆய்வகத்தில் மென்பொருளின் ஒரு வரியைக்கூட மாற்றாமல், செவ்வாயில் நடந்ததையே மறுபடி நடத்திப் பார்க்க முடிந்தது. 18 மணி நேரத்துக்குள் பிழை பிடிபட்டது.

லாக் சொன்னது இதுதான். கலத்தின் உள்ளே தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் பணிக்கு முன்னுரிமை அதிகம். வானிலைத் தகவல் திரட்டும் பணிக்குக் குறைவு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு; ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே அதைப் பிடிக்க முடியும். பூட்டு வானிலைப் பணியின் கையில் இருந்த நேரத்தில், இடைப்பட்ட முன்னுரிமை கொண்ட வேறு பணிகள் நுழைந்து அதை ஓடவிடாமல் செய்தன. மேலே உள்ள பணி பூட்டுக்காகக் காத்துக்கிடந்தது. வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை என்று கண்டதும் கணினி தன்னையே ரீசெட் செய்துகொண்டது. பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி அணைந்து கிடந்தது. அதை இயக்கும் திருத்தத்தை அனுப்பினார்கள், ரீசெட் நின்றது.

எந்த ஒரு வரியிலும் இந்தப் பிழை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணிகள் ஓடிய வரிசையில்தான் இருந்தது. ‘பிழை ஏற்பட்டது’ என்று மட்டும் எழுதும் லாக் இங்கே எதற்கும் உதவியிருக்காது. நடந்ததை எழுத வேண்டும், முடிவை அல்ல. இணையக் கடை ஒன்றின் லாக்கில் ‘பணம் செலுத்த முடியவில்லை’ என்பதைவிட, ‘ஆர்டர் 48213, வங்கிச் சேவை, 30 நொடி காத்தும் பதில் இல்லை, 3ஆவது முயற்சி’ என்ற வரி எத்தனையோ மடங்கு மேல். இன்று ஒரு ஆர்டர் பத்துப் பன்னிரண்டு சர்வர்களைத் தாண்டிப் போகிறது. கூரியர் பொட்டலத்துக்குப் போல அதற்கு ஒரே எண் கொடுத்து, போகும் இடமெல்லாம் அந்த எண்ணோடு லாக் எழுதினால்தான் சிதறிய வரிகளைக் கோக்க முடியும். நேரத்தையும் எல்லா சர்வர்களும் உலகப் பொதுநேரத்திலேயே குறிப்பது நல்லது.

எழுதினால் மட்டும் போதாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. சந்தை திறக்கும் முன்பே அதன் கணினிகள் கோளாறைச் சுட்டி ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்கள் அனுப்பின. அவற்றை எச்சரிக்கையாக யாரும் கருதவில்லை. சந்தை திறந்து சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலர் பறிபோனது. உடனே ஆள் எழுந்து பார்க்க வேண்டியதும், பிறகு ஆராய மட்டும் தேவைப்படுவதும் தனித்தனி மட்டங்களில், தனித்தனி வழிகளில் போக வேண்டும். எல்லாவற்றையும் எச்சரிக்கை என்று எழுதும் குழு நாளடைவில் எச்சரிக்கையையே படிக்காமல் விட்டுவிடும்.

எழுதக் கூடாததும் உண்டு. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. மறைத்துச் சேமிக்கும் முன்பே கடவுச்சொற்கள் உள் லாக் ஒன்றில் அப்படியே பதிவாகியிருந்தன. கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண் போன்றவற்றை ஒவ்வொரு நிரலாளரும் நினைவாக விலக்க வேண்டும் என்று விடுவது ஆபத்து. லாக் எழுதும் நூலகத்திலேயே வடிகட்டி இருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் போலிக் கடவுச்சொல் ஒன்றை அனுப்பி, லாக்கில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.