படிகத்துக்குள்ளே ஒரு பள்ளம்!

இந்த மாதம் எக்சிடான் பற்றி எழுதுகிறேன். பேரைப் பார்த்துப் பயந்து பக்கத்துத் தாளுக்குப் போய்விடாதீர்கள்.

காலை பிரேயரில் முன்னால் நிற்கிற ஒருத்தி மயங்கி விழுந்தால் அவளைத் தூக்கிப் போய்விடுவார்கள். அடுத்தவள் ஓரடி முன்னே வருவாள், அவளுக்குப் பின்னால் இருப்பவளும் வருவாள். காலி இடம் மட்டும் பின்னாலேயே நடந்து போகும். குறைகடத்திப் படிகத்திலும் இப்படித்தான். ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழும்பிவிடும். அது விட்ட காலி இடத்துக்குப் பேர் துளை. வெறும் இடத்தை எப்படி ஒரு பொருளாகக் கணக்கு வைப்பதென்று எனக்கு ரொம்ப நாள் மனசு ஒப்பவே இல்லை. ஆனால் அது நேர்மின்சுமை உள்ள துகள் மாதிரியே நடந்துகொள்ளுமாம். அதனால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து, நாம் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவோமே, அப்படிச் சுற்றும். அந்த ஜோடிதான் எக்சிடான். 1931-ல் ரஷ்ய விஞ்ஞானி ஃபிரெங்கெல் சொன்ன யோசனை இது.

சிக்கல் என்னவென்றால் எலக்ட்ரான் சீக்கிரமே துளைக்குள் விழுந்துவிடும். ஜோடி காலி! நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் இருந்தாலே அது தீர்க்காயுசு. அதற்குள் பிடிக்கணும். மின்சாரத்தால் இழுக்கலாமா? கூட்டல், கழித்தல் சேர்ந்து பூஜ்யம், எந்தப் பக்கமும் நகராது. ரொம்ப இழுத்தால் ஜோடி பிய்ந்துவிடும்.

அதற்குத்தான் அழுத்தம். எங்க அப்பத்தா கயித்துக் கட்டிலில் உட்கார்ந்தால், நான் போட்டு வைத்த கோலிக்குண்டெல்லாம் அவங்க பக்கமே உருண்டு போகும். படிகத்தை வளைவான முனையால் அழுத்தினால் உள்ளே அணுக்கள் கொஞ்சம் நெருங்கி நகரும். அந்த இடத்தில் எக்சிடானின் ஆற்றல் குறையும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அது. அதுவும் அழுத்துகிற இடத்திலேயே இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி! 1986-ல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் குப்ரஸ் ஆக்சைடு படிகத்தில் இப்படிப் பிடித்து ஆராய்ந்தார்கள். செம்புப் பாத்திரம் மங்கிச் சிவக்கிற படலத்தில் இருக்கிறதே, அதே பொருள்தான்.

இந்தப் படிகத்தில் எக்சிடான் இரண்டு வகை. ஆர்த்தோ ஒளி விடும். பாரா அநேகமாக ஒளியே விடாது, அதனால் அதிக நேரம் பிழைக்கும், பள்ளத்தில் உருண்டு சேர அவகாசம் கிடைக்கும். ஆனால் இருட்டில் இருப்பதை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் காந்தம் வருகிறது. காந்தப்புலம் வைத்தால் பாராவில் ஆர்த்தோவின் குணம் கொஞ்சம் கலந்து, மெல்லிய செம்மஞ்சள் ஒளி வரும். எனக்குச் சங்கடமா இருந்த விஷயம், ஒளி விட்ட ஜோடி அதோடு முடிந்துபோகிறது. அதாவது நம்மிடம் வந்து சேர்கிற ஒவ்வொரு ஒளித்துளியும் ஒரு எக்சிடானின் சாவு.

டோக்கியோ பல்கலைக்கழகத்தார் வேறு வழி பிடித்தார்கள். அழுத்திய படிகத்தை ஒரு கெல்வினுக்கும் கீழே குளிரவைத்து, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார்கள். எக்சிடான் அதை விழுங்கிக் கொஞ்சம் பெரிய வட்டமாகச் சுற்றும், அவ்வளவுதான், சாகாது. அது விழுங்கிய இடத்தில் நிழல் விழும். பள்ளத்தின் அடியில் பாரா எக்சிடான்கள் கூட்டமாக ஒரே நிலைக்கு வந்துவிட்டதை 2022-ல் அந்த நிழலை வைத்துத்தான் சொன்னார்கள். இப்படி ஒன்றாகிற நிலைக்குப் போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு என்று பேர். அந்தப் போஸ் நம்ம நாட்டு சத்யேந்திரநாத் போஸ்.

(பக்கத்தில் இருப்பது கட்டில் படம். கோலிக்குண்டு பெரிசா வந்துவிட்டது, மன்னிக்கவும்.)

– 9-ஆம் வகுப்பு மாணவி