இன்று அரண்மனை மூடியிருக்கிறது

ஆரணியில் மார்கழி பிறந்தால் பட்டு வியாபாரம் சற்று மூச்சு வாங்கும். முகூர்த்தம் இல்லாத மாதம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் அதையொட்டித்தான் வருகிறது. ஒரு முறையாவது வெளிநாடு போய்வர வேண்டும் என்று சீட்டுக் கட்டிச் சேர்க்கிற குடும்பத்துக்கு இதைவிடத் தோதான வாரங்கள் அமையாது. போகிற இடம் பெரும்பாலும் பாங்காக் பக்கமாகத்தான் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மழை ஓய்ந்து வெயில் தணிந்திருக்கும். விமானக் கட்டணமும் ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் கைக்கு அடங்கும். 2023 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்த பிறகு அந்தப் பக்கம் போகிற நம்மவர் கூட்டமும் பெருகியது.

பாங்காக்கின் பெரிய அரண்மனை மதிலோரம் நடப்பவரிடம், மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர் என்று கேட்பார். பிறகு வருத்தத்தோடு சொல்வார்: இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பிக்குகளின் சடங்கு நடக்கிறது, 1 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதுவரை வெயிலில் நிற்பானேன், பக்கத்தில் விசேஷமான ஒரு புத்தர் கோயில் இருக்கிறது, டுக்டுக் வண்டிக்கு 20 பாட் கொடுத்தால் போதும். கோயிலில் இன்னொருவர் தற்செயலாக எதிர்ப்படுவார். தான் நீலக்கல் வாங்க வந்ததாகவும், வரிச்சலுகை இன்றோடு முடிவதாகவும், ஊருக்குக் கொண்டுபோனால் இரண்டு மடங்குக்கு விற்கலாம் என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். வண்டி அடுத்து நிற்கும் இடம் நகைக்கடை. அங்கே விற்கிற கல் பெரும்பாலும் கண்ணாடியாக இருப்பதில்லை. நிஜக் கல்தான், தரம் மட்டம், விலைதான் பல மடங்கு. கண்ணாடி என்றால் போலீசில் சொல்லலாம், விலை அதிகம் என்று எந்தப் போலீசில் சொல்வது? பல பத்தாண்டுகளாக இந்த நாடகம் நடக்கிறது, வசனம்கூடப் பெரிதாக மாறவில்லை. அரண்மனையோ வழக்கமாகத் தினமும் காலை 8.30 மணிக்குத் திறந்து பிற்பகல் 3.30 வரை சீட்டுக் கொடுக்கிறது. அரச சடங்குக்காக மூடுகிற நாட்கள் அபூர்வம்; அதையும் வாசலில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இதைக் கேட்கிற நெசவு ஊர்க்காரருக்கு, நம்மிடம் இது பலிக்காது என்று தோன்றக்கூடும். அதற்கு நியாயமும் உண்டு. ஜரிகையின் ஓரத்தைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஊர் அது. ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால் பட்டு மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு கருகி, விரலில் பொடியாகும். பாலிஸ்டர் உருகிச் சுருண்டு முத்துப்போல இறுகும். கைத்தறியில் போட்டதா, விசைத்தறியில் ஓடியதா என்பதைப் புடவையைப் புரட்டிப் பார்த்தே சொல்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கண் பட்டுக்குப் பழகிய கண். நீலக்கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஆரணிக்காரருக்கும் அரக்கோணத்துக்காரருக்கும் ஒரே நீலம்தான் தெரியும். சரக்கு அறிவு சரக்கோடு நின்றுவிடுகிறது. எல்லை தாண்டியும் கூட வரக்கூடியது வேறொன்று: இவர் என்னை இங்கே கூட்டிவந்ததில் இவருக்கு என்ன கிடைக்கிறது என்கிற கேள்வி. 20 பாட்டுக்கு அரை நாள் வண்டி ஓட்டினால் யாருக்குக் கட்டுப்படியாகும்? கடை வாசலில் இறக்கிவிட்டாலே ஓட்டுநருக்கு எரிபொருள் கூப்பன் உண்டு. நாம் வாங்கினால் கமிஷன் தனி.

தரகு என்பதே பாவமா, நம் ஊரில் இல்லாத தரகா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கச்சாப் பட்டு வாங்குவதிலிருந்து நெய்த புடவை கடைக்குப் போகிறவரை இடைத்தரகர் இல்லாமல் பட்டுத் தொழில் ஒரு நாளும் ஓடியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு பெருங்கடைகளின் அலமாரியில் எத்தனை முறை வேறு ஊரின் பெயரில் தொங்கியிருக்கும் என்பதும் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. உள்ளூர்த் தரகர் நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டும். மூத்த பெண்ணின் கூறைப்புடவை முதல் தீபாவளிக்குள் சாயம் விட்டால், இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கு அந்தக் குடும்பம் அதே கடைப் படியை மிதிக்காது. சொந்தபந்தத்தையும் மிதிக்க விடாது. சட்டமும் முத்திரையும் செய்வதைவிட இந்தப் பயம் செய்கிற வேலை அதிகம். சுற்றுலாப் பயணியைப் பொறுத்தவரை அந்தப் பயம் அறவே கிடையாது. அவர் நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவார். கல்லைச் சென்னையில் ஒரு நகைக்கடையில் காட்டி விவரம் தெரிந்துகொள்ளும்போது கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பார். ஏமாற்று வேலை தழைக்கிற இடத்தைத் தேச குணத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது. வாடிக்கையாளர் இரண்டாம் முறை வராத இடம் எது என்று பார்த்தால் கிடைத்துவிடும்.

பாரிசில் சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் வழியில் பேசிக்கொண்டே கையில் வண்ணக் கயிற்றைக் கட்டிவிட்டுக் காசு கேட்கிறார்கள். இஸ்தான்புல்லில் ஷூ துடைப்பவர் நம் முன்னே நடந்துபோகும்போது பிரஷ்ஷைத் தவறவிடுவார். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடனாக நம் ஷூவைத் துடைத்துவிட்டுக் கூலிக்கு நிற்பார். அவ்வளவு தூரம் போவானேன்? இதே குளிர்காலத்தில் மாமல்லபுரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் வருகிற வெள்ளைக்காரரை, கோயிலுக்கு முன்னால் ‘சும்மா பார்த்துவிட்டுப் போகலாம்’ என்று கடை வாசலில் நிறுத்துகிற ஆட்டோ எதற்காக நிற்கிறது? பாங்காக் கூப்பனுக்கும் இதற்கும் மொழிதான் வேறு.

பேராசை பிடித்தவன்தானே ஏமாறுகிறான் என்பது அடுத்த வாதம். நீலக்கல் விஷயத்தில் அது பாதி சரி. ஆனால் பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தவருக்கு என்ன பேராசை? அவர் நல்லவராக இருந்ததுதான் அவர் செய்த தப்பு. ஒருவர் சிரித்த முகமாக வந்து பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது நமக்குப் பழக்கமில்லை. அந்த மரியாதையில்தான் கொக்கி மாட்டுகிறது. அப்படியானால் யாரையும் நம்பாமல் ஹோட்டல் அறைக்கும் பேருந்துக்குமாக நடந்துவிட்டு வரவா இவ்வளவு செலவு செய்து போகிறோம்? வேண்டியதில்லை. பதில் ஒரு சாதாரணக் கணக்கில் இருக்கிறது. தெருவில் போகிற நூறு பேரில் தரகர் ஓரிருவர் இருக்கலாம். நாமாக ஒருவரைப் பார்த்து வழி கேட்டால், அவர் தரகராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தானாக வந்து வழி சொல்பவர் விஷயத்தில் கணக்கு தலைகீழாகிவிடும்; நூறு பேரில் நம்மைத் தேடி வர வேண்டிய தேவை அந்த ஓரிருவருக்குத்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளையிடமோ பழம் விற்கிற அம்மாவிடமோ நாமாகப் போய்க் கேட்கலாம். மீறிச் சிக்கிக்கொண்டால் தாய்லாந்தில் சுற்றுலாப் போலீசுக்கு 1155 என்ற எண் இருக்கிறது.

தெருவில் நடப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது. சட்டைப்பையில் ரசீதோடு நடப்பதை யாரும் மோசடி என்றுகூடச் சொல்வதில்லை. நம்ப முடியாத குறைந்த விலைக்கு விற்கிற சுற்றுலாத் திட்டங்களில் கோயிலுக்கு ஒதுக்கிய நேரத்தைவிட மாணிக்கக் கடைக்கும் தோல் கடைக்கும் ஒதுக்கிய நேரம் அதிகமாக இருக்கும். குறைந்த விலையின் மீதிப் பணம் அங்கேதான் வசூலாகிறது. சீனா 2013இல் கொண்டுவந்த சுற்றுலாச் சட்டம் இந்த வகைப் பயணங்களுக்குத் தடை போட்டது. தாய்லாந்து 2016இல் பெரிய நடவடிக்கை எடுத்தது. கார்டு தேய்க்கும் இயந்திரம் ரூபாயில் கட்டுகிறீர்களா, பாட்டில் கட்டுகிறீர்களா என்று பணிவாகக் கேட்பதும் இதே வகையறாதான். ரூபாய் என்று தொட்டால் மாற்று விலையில் கூடுதலாக ஒரு பங்கு போய்விடும். அந்த ஊர்ப் பணத்தையே தொட வேண்டும்.

கல்லுக்குப் பதில் ஆளே சரக்காகிற வியாபாரமும் இதே விமானத்தில்தான் போகிறது. சுற்றுலாப் பயணிகளாக பாங்காக்கில் இறங்கிய தமிழ் இளைஞர்கள் பலர், நல்ல சம்பளத்தில் கம்ப்யூட்டர் வேலை என்ற பேச்சை நம்பி எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை, உலகத்தின் வேறு மூலைகளில் இருப்பவர்களை இணையத்தில் ஏமாற்றுவது. மத்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. 2025 மார்ச் 10 அன்று ஒரே நாளில் 283 இந்தியர்களை தாய்லாந்தின் எல்லை நகரான மே சோத்திலிருந்து விமானப்படை விமானம் மீட்டு வந்தது. இங்கும் கூட்டிப்போனவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். கூலி போதாமல் தறியை விட்டு இறங்க நினைக்கிற பிள்ளைகள் இருக்கிற ஊர்களில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் பதிவு செய்தவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்பவரைப் பற்றி அதைப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

பாங்காக் போகிற ஆரணிக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், என் யோசனை ஜிம் தாம்சன் வீடு. நசித்துக்கொண்டிருந்த தாய்ப் பட்டை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் அவர். 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் காணாமல்போனவர் திரும்பவேயில்லை. தேக்கு மரத்தாலான அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். அதற்குப் போகிற சந்திலும் மடிப்புக் கலையாத சட்டைக்காரர்கள் நிற்பதுண்டு. இன்று மூடியிருக்கிறது, வேறு நல்ல பட்டுக்கடை காட்டுகிறேன் என்பார்கள். நேரே நடந்தால் போதும். அசல் தாய்ப் பட்டுக்கு நம் சில்க் மார்க் போல அரசு தருகிற மயில் முத்திரை உண்டு. தங்க நிற மயில் என்றால் மரபு முறையில் நெய்த உயர்ந்த ரகம், பச்சை மயில் என்றால் பட்டோடு வேறு நூல் கலந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு வாய்க்காலைக் கடந்தால் பான் க்ருவா என்ற குடியிருப்பு. தாம்சனுக்கு நெய்து கொடுத்த சாம் முஸ்லிம் நெசவாளர்களின் தெருக்கள் அவை. ஒன்றிரண்டு வீடுகளில் இன்னும் தறி இருக்கிறது. டுக்டுக்காரர் யாரும் அங்கே கூட்டிப்போக மாட்டார். அவருக்கு அங்கே கூப்பன் கிடையாது.