அங்காடி வாயிலிற் பற்றுச்சீட்டு

பொருளைத் தெரிந்தெடுத்து, உரிய பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டையும் பெற்றுக்கொண்டு வெளியேற முற்படும் ஒருவரை, வாயிலில் நிற்கும் காவலாளி மறித்து, "சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்பது இன்று நகர்ப்புறங்களில் வழக்கமாகிவிட்டது. துணிக்கடையிலும் புத்தகசாலையிலும் பேரங்காடியிலும் இதனைக் காணலாம். சிலர் மறுசொல்லின்றிக் காட்டிவிட்டுச் செல்கின்றனர். சிலர், பலர் பார்க்கத் தம்மைக் கள்வர் வரிசையில் நிறுத்திவிட்டதாக எண்ணி மனம் புழுங்குகின்றனர். வேறு சிலர் சினந்து வாதிடுகின்றனர். கடைக்காரருக்கு இங்ஙனம் கேட்கும் உரிமை உண்டா? காட்ட மறுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டா? மறுப்பவரைத் தடுத்து நிறுத்தலாமா? இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை அறியாமையினாலேயே இரு சாராரும் இடர்ப்படுகின்றனர்.

முன்னாளில் இவ்வினாக்கள் எழவேயில்லை. பழைய கடையில் வாங்குபவர் ஒரு பக்கம், பொருள் மறுபக்கம், நடுவே நீண்டதொரு மேசை. கேட்டதைக் கடைக்காரரே எடுத்து, நிறுத்து, பொதி செய்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு கையிற் கொடுப்பார். பணம் கொடாத பொருள் வாங்குபவர் கைக்கு வருவதற்கு வழியில்லை. இம்முறையை மாற்றியமைத்தவர் அமெரிக்க வணிகராகிய கிளாறென்ஸ் சோண்டர்ஸ். தெனசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1916ஆம் ஆண்டில் 'பிக்கிளி விக்கிளி' என்னும் கடையை அவர் திறந்தார். வாங்குபவர் தாமே கூடையை ஏந்தி, அடுக்குகளிடையே நடந்து, வேண்டியவற்றைத் தாமே எடுத்து, வெளியேறும் இடத்திற் பணம் செலுத்தும் முறை அங்கே வழக்குக்கு வந்தது. கடைக்காரருக்கு ஊழியர் செலவு குறைந்தது. வாங்குபவருக்கு விருப்பம்போல் தெரிந்தெடுக்கும் வசதி கிட்டியது. ஆனால் பணம் பெறுவதற்கு முன்னரே பொருள் வாங்குபவர் கைக்குச் சென்றுவிடுவதால், கடைக்காரரின் உள்ளத்தில் ஐயமும் அன்றே குடிபுகுந்தது. வாயிற் காவலாளி அவ்வையத்தின் பிள்ளை.

பற்றுச்சீட்டின் கதையோ வேறு. ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரில் மதுச்சாலை நடத்திய ஜேம்ஸ் றிற்றி என்பவர், தம் ஊழியர் பணத்தைக் களவாடுவதைத் தடுப்பதற்காக 1879ஆம் ஆண்டில் காசுப்பதிவுப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். விற்பனையைத் தாளிற் பதியும் வசதி பின்னரே அப்பொறியிற் சேர்க்கப்பட்டது. ஆகவே, பணம் வாங்கும் ஊழியரைக் கண்காணிப்பதற்காகவே இப்பொறி தோன்றியது. அதனின்று வெளிவரும் சீட்டு, வாங்கியவருக்கு 'இவ்விலைக்கு இப்பொருளை இந்நாளில் விற்றோம்' என்று கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் சாட்சிப் பத்திரமாகும். அதனையே இன்று வாங்கியவரின் நேர்மைக்குச் சான்றாக வாயிலிற் கேட்கின்றனர்.

இனி, சட்டத்தை நோக்குவோம். இலங்கையிற் பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அஃது இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி ஆக்கப்பட்டது. பொருளின் உடைமை எப்பொழுது கைமாறுகின்றது என்பதை இரு திறத்தாரின் கருத்தைக் கொண்டே துணிதல் வேண்டும் என்பது அதன் கொள்கை. அடுக்கிலிருந்து பொருளை எடுத்த மாத்திரத்தில் விற்பனை முடிந்துவிடுமா என்னும் வினா, இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடை பற்றிய வழக்கில் எழுந்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1953ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பின்படி, வாங்குபவர் பொருளைப் பணமேசைக்குக் கொண்டுசென்று கொடுப்பதே வேண்டுகோள். அதனைக் கடை ஏற்றுக்கொள்ளும்போதே ஒப்பந்தம் உண்டாகின்றது. இதனாற் பெறப்படுவது யாதெனின், பணமேசையைத் தாண்டும் வரை கூடையிலுள்ள பொருள் கடைக்குரியது. பணம் செலுத்திப் பெற்றுக்கொண்ட பின்னர் அது வாங்கியவருக்குரியது. ஆகவே வாயிற் காவலாளி பார்க்க விரும்புவது பிறருடைய உடைமையை.

அங்ஙனமாயின் அவர் கேட்கவே கூடாதோ? கேட்கலாம். கடை என்பது கடைக்காரரின் இடம். உள்ளே வருவோர் தம் பையை வாயிலில் ஒப்படைத்து இலக்கத் தகடு பெற்றுக்கொள்ள வேண்டும் என்றோ, போகும்போது சீட்டைக் காட்டவேண்டும் என்றோ நிபந்தனை விதித்து, அதனை யாவரும் காண எழுதிவைக்கலாம். உடன்படாதவர் அக்கடையைத் தவிர்த்து வேறு கடையை நாடலாம். ஐக்கிய அமெரிக்காவில் அங்கத்தவர்க்கு மாத்திரம் பொருள் விற்கும் பெருங்கடைகள் சில உண்டு. வெளியேறும்போது சீட்டும் பொருளும் பார்வையிடப்படும் என்னும் விதிக்கு உடன்பட்டே அங்கு அங்கத்துவம் பெறுகின்றனர். அங்கே காட்டுதல் ஒப்பந்தத்தின்பாற்பட்ட கடமை. அத்தகைய உடன்பாடு இல்லாத ஏனைய கடைகளில், காட்டுதல் வாங்கியவரின் இணக்கத்தைப் பொறுத்தது. நிபந்தனையை மீறுபவரை இனி வரவேண்டாம் என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் நிபந்தனைப் பலகை எதுவும், ஒருவரைப் பிடித்து நிறுத்தும் அதிகாரத்தைத் தானாகத் தந்துவிடாது.

கேட்டல் வேறு, தடுத்தல் வேறு. இவ்வொரு வேறுபாட்டிலேயே முழு விடயமும் அடங்கியுள்ளது. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை, ஒருவர் செல்வதற்கு உரிமையுள்ள திசையிற் செல்லவிடாது அவரை வேண்டுமென்றே மறித்தலை முறைகேடான தடை என்று குற்றமாக வகுத்துள்ளது. குறித்த எல்லைக்கப்பாற் செல்லவிடாது வைத்திருத்தல் முறைகேடான அடைப்பு எனப்படும். உள்ளறைக்கு இட்டுச் சென்று கதவைச் சாத்துதல் இவ்வகையைச் சாரலாம். அன்றியும், இலங்கையில் வழங்கும் உரோமன் ஒல்லாந்தச் சட்டம் ஒருவரின் உடல், மதிப்பு, நற்பெயர் ஆகிய மூன்றையும் காக்கின்றது. அவற்றுக்கு வேண்டுமென்றே இழுக்கு விளைவித்தவரிடம் நட்டஈடு கோரிக் குடியியல் வழக்குத் தொடுக்க இடமுண்டு.

எனினும் கள்வரைக் கண்டும் கைகட்டி நிற்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு, தனியாள் ஒருவருக்கும் கைதுசெய்யும் அதிகாரத்தைத் தருகின்றது. பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் ஒன்றைத் தம் கண்முன்னே செய்பவரையும், அத்தகைய குற்றம் செய்தாரென நியாயமாக ஐயுறத்தக்க வகையில் ஓடுபவரையும், குற்றவாளியெனப் பிரகடனஞ் செய்யப்பட்டவரையும் எவரும் பிடிக்கலாம். திருட்டு அத்தகைய குற்றங்களுள் ஒன்று. பிடித்தவர், வீண் தாமதமின்றி அவரைச் சமாதான அலுவலர் ஒருவரிடமோ பொலிஸ் நிலையத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். காவலாளியின் சீருடை அவரைப் பொலிஸ் அலுவலர் ஆக்கிவிடாது. சட்டத்தின் கண்ணில் அவரும் தனியாளே. சட்டைக்குள் பொருளை ஒளிப்பதை நேரிற் கண்டவர் பிடிக்கலாம். சீட்டைக் காட்ட மறுத்து அமைதியாக நடந்து செல்பவர் எக்குற்றத்தையும் செய்தவராகார், ஓடுபவருமாகார்.

திருட்டு என்பதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. நேர்மையற்ற கருத்தோடு, உரியவரின் சம்மதமின்றி, அவர் கைவசமுள்ள பொருளை அகற்றுவதே திருட்டு. குழந்தையின் கையிலிருந்த இனிப்பைக் கவனியாது வெளிவந்த தாயிடத்தும், கூடையின் அடியிற் கிடந்த சவர்க்காரக் கட்டியை மறந்துபோன முதியவரிடத்தும் அக்கருத்து இல்லை. மறதிக்கு மருந்து, பணத்தைப் பெற்றுக்கொள்ளுதலே.

ஐயம் எவ்வளவு கொடியது என்பதற்கு அமெரிக்காவின் பொஸ்தன் நகரில் 1965ஆம் ஆண்டில் நிகழ்ந்தது ஒரு சான்று. எழுபது வயதுடைய ஒருவர் அங்குள்ள உடைக்கடையிற் கோட்டு வாங்கச் சென்றார். அளவு பார்க்கும்போது, தம் கழுத்திற் கட்டியிருந்த துணியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கோட்டுக்கு விலை கொடுத்து, அதனைத் திருத்துவதற்கு விட்டுவிட்டு, கதவருகே நின்று தம் துணியை எடுத்து மீண்டும் கழுத்திற் கட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் ஊழியர் ஒருவர் குறுக்கே நின்று, அத்துணி எங்கே கிடைத்தது என்று வினவிக் கையைப் பற்றினார். எட்டுப் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தனர். முதியவர் மறுக்காது திரும்பிச் சென்றார். படியேறும்போது மார்பில் வலி கண்டது. கோட்டை விற்ற ஊழியர் அவரை இனங்கண்டு, துணி அவருடையதே என்று கூறிய பின்னரே ஐயம் நீங்கியது. ஆனால் அவர் மாரடைப்பினால் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். யூரிமார் அவருக்கு 12,500 டொலர் நட்டஈடு விதித்தனர். 1971ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

அம்மாநிலத்தில், தக்க காரணம் இருப்பின் வாங்குபவரைச் சிறிது நேரம் தடுத்து விசாரிக்கக் கடைக்காரருக்குச் சட்டமே அதிகாரம் தந்திருந்தது. அவ்வாறிருந்தும், ஊழியர் தம் மனத்தில் உண்மையாகவே ஐயுற்றார் என்பது மாத்திரம் போதாது. அறிவுள்ள எவரும் அந்நிலையில் அங்ஙனம் ஐயுறுவாரா என்பதே அளவுகோல் என்று நீதிமன்றம் கூறிற்று. முதியவரைக் கயிற்றாற் கட்டவில்லையே என்ற வாதமும் எடுபடவில்லை. பலர் முன்னிலையில் மானத்தைக் காக்க வேண்டிப் பின்தொடர்ந்து செல்வதும் தடுப்பே என்று நீதிமன்றம் கொண்டது.

களவு மெய்யாயினும், தண்டிக்கும் பொறுப்பு நீதிமன்றத்துக்கே உரியது. 2023ஆம் ஆண்டிற் கொழும்பு, பொறளையில் உள்ள ஒரு பேரங்காடியில், களவுச் சந்தேகத்தின்பேரிற் பெண்ணொருத்தியை ஊழியர் தாக்கும் காட்சி நாடெங்கும் பரவியது. தாக்கியவர்களாகக் கூறப்பட்ட ஊழியர்களைப் பொலிசார் கைதுசெய்தனர். சந்தேகம் சரியா பிழையா என்பது தாக்குதலுக்கு நியாயம் ஆகாது. பெண்ணொருவரைச் சோதனையிட வேண்டிய இடத்திற் பெண்ணே, நாகரிகத்துக்கு ஊறு நேராவண்ணம் சோதனையிடவேண்டும் என்று சட்டம் பொலிசாருக்கே விதித்திருக்கையில், கடையூழியர் கைவைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

சீட்டைக் கேட்பது எல்லாரிடத்தும் ஒரு படித்தாய் நிகழுமாயின் மனத்தாங்கல் பெரிதும் குறையும். கோட்டு அணிந்தவரை வணங்கி அனுப்பிவிட்டு, மண்படிந்த சாரம் கட்டியவரை நிறுத்துவதும், பாடசாலைச் சிறுவனை நிறுத்துவதும், ஒரு மொழி பேசுவோரை மாத்திரம் நிறுத்துவதுமே நெஞ்சைப் புண்படுத்துகின்றன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை மூன்றாம் பந்தியிற் கடைகளையே பெயர் சுட்டிக் குறிக்கின்றது. இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றின் காரணமாக எவரும் கடைகளுக்குட் செல்வதில் தடைக்கோ நிபந்தனைக்கோ உட்படுத்தப்படலாகாது என்பது அதன் பொருள். வாயிலில் நிற்பவர் பார்க்கவேண்டியது செயலை, ஆளின் தோற்றத்தையன்று.

கடைக்காரரின் இடரையும் மறந்துவிடலாகாது. களவுபோன பொருளின் விலை, நாளடைவில் நேர்மையாக வாங்குவோரின் தலையிலேயே விழுகின்றது. வாயிலில் நாள் முழுதும் நிற்கும் காவலாளியும் பிறர் இட்ட கட்டளையை நிறைவேற்றும் தொழிலாளியே. எனவே வாங்குபவரும் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் நன்று. பணமேசையிலேயே சீட்டைப் பெற்று, பொருளின் தொகையையும் விலையையும் ஒப்புநோக்கல் வேண்டும். சீட்டுத் தராத வணிகரிடம் அதனைக் கேட்டுப் பெறலாம். கேட்கும்போது கொடுத்தல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி அவருடைய கடமை. மறுப்பாராயின் அதிகாரசபைக்கு முறையிடலாம். வாயிலிற் பணிவோடு கேட்கப்படின், காட்டிவிட்டுச் செல்லுதல் பண்பு. காவலாளி அதில் அடையாளம் இடலாம். சீட்டையே வைத்துக்கொள்ள விடலாகாது. பழுதான பொருளை மாற்றுவதற்கும், கூடுதல் விலை பற்றி முறையிடுவதற்கும் அதுவே சாட்சி.

பையைத் திறந்து காட்ட இணங்குபவர் அதனைத் தம் கையாலேயே திறப்பது தக்கது. காட்ட விரும்பாதவர் அதனை அமைதியாகச் சொல்லலாம். அதன் பின்னும் தடுக்கப்படின், தள்ளுமுள்ளுக்கு இடங்கொடாது முகாமையாளரை அழைக்கும்படி கேட்டு, தடுப்பதற்கான காரணத்தை வினவி, களவென்று குற்றஞ்சாட்டினாற் பொலிசாரை வரவழைக்குமாறு சொல்லல் வேண்டும். குற்றமற்றவருக்குப் பொலிசாரின் வருகை அச்சந் தருவதன்று. கடையின் உள்ளறையே அச்சந் தருவது. சிறுவர் அகப்பட்டால் முதற்கண் பெற்றோரை அழைத்தலே முறை.

பண்டமாற்றுக் காலந்தொட்டு இன்றுவரை வணிகம் நம்பிக்கையின் மேலேயே நடைபெறுகின்றது. மேசைக்கு அப்பாலிருந்த பொருளை வாங்குபவர் கைக்கு எட்டவைத்தவர் கடைக்காரரே. அந்நம்பிக்கையினாற் பெரும் பயன் பெறுபவரும் அவரே. ஆதலின், ஐயுறும் வேளையிலும் மரியாதை தவறாது நடத்தல் அவருக்குக் கடன். கடையின் உடைமையைத் தீண்டாதிருத்தல் வாங்குபவரின் கடன். கேட்பவர் கேட்கும் முறையில் கேட்டு, காட்டுபவர் தம் உரிமையை அறிந்தே காட்டுவாராயின், வாயிலில் நிகழும் அச்சிறு சந்திப்பு எவருக்கும் இழிவைத் தராது.