எக்ஸ்ரே ‘நார்மல்’ என்றால் நுரையீரல் நலம்தானா?

நிழல் விழாத காசநோய்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கும் இன்று மார்பு எக்ஸ்ரே எடுப்பது எளிது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் மனம் ஆறிவிடும். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்கள் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடக் கூடாது. காசநோய்க் கிருமியை உடல் எதிர்க்கும்போது உண்டாகும் அழற்சியும் குழியுமே பெரும்பாலும் படத்தில் தெரிகின்றன. எச்.ஐ.வி. அழிக்கும் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4 அணுக்கள் போதிய அளவு இருந்தால் நுரையீரலின் மேற்பகுதியில் குழி விழும். சந்தேகம் உடனே எழும். அவை ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே இறங்கினால் எதிர்ப்பே தளர்ந்துவிடுகிறது. அப்போது குழி விழாமல் நோய் கீழ்ப்பகுதியில் பரவலாம், நடுமார்பில் நெறி கட்டலாம், தினை தூவியதுபோல் புள்ளிகள் தோன்றலாம். சிலருக்குப் படம் தெளிவாகவே இருக்கும். வறட்டு இருமலும் மூச்சிரைப்புமாக வரும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவும் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம், சி.டி. ஸ்கேனில் மங்கலான வெண்படலமாகத் தெரியும்.

அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு?

நியாயமான கேள்வி. நுரையீரல் உறையில் நீர் கோத்திருப்பதையும் சிகிச்சையில் நோய் குறைவதையும் எக்ஸ்ரே குறைந்த செலவில் காட்டுகிறது. எல்லோருக்கும் சி.டி. எடுத்துவிடலாமே என்றால், அதில் செலவும் கதிர்வீச்சும் பல மடங்கு அதிகம். அதுவும் கிருமியின் பெயரை உறுதியாகச் சொல்லாது. அதைச் சொல்வது சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படும் சி.பி.நாட், ட்ரூநாட் சோதனைகள் கிருமியையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே காட்டுகின்றன.

மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

வேலையிடத்தில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிப் பலர் எச்.ஐ.வி. இருப்பதை மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. ஒதுக்கப்பட்டவர்களின் அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி. இருப்பது தெரியாத மருத்துவர், தெளிவான படத்தைப் பார்த்து நோயில்லை என்று முடிவு செய்யக்கூடும். ஒப்புதலின்றி இத்தகவலை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2004 முதல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. எனவே எச்.ஐ.வி. உள்ளவர்கள் இருமல் இரண்டு வாரம் நீடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும், சளியைச் சோதிக்கும்படி கேளுங்கள்.